தாடை மூட்டில் வலியும் சத்தமும் எதனால் வருகிறது?

வாயைத் திறந்தால் காதருகே 'டக்' என்று சத்தம், காலையில் எழுந்தால் தாடை வலி, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரு எலும்பு உருண்டை முதலில் சுழன்று, அப்புறம் முன்னால் சறுக்கி வருவது விரலுக்கே தெரியும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. அது முன்பக்கம் விலகிப்போய், வாயைத் திறக்கும்போது மறுபடி இடத்துக்கு வருகிற சத்தம்தான் பெரும்பாலும் அந்த 'டக்'. வலி இல்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாகச் சிகிச்சை வேண்டாம்.

வலி என்றால், நிறைய பேருக்கு அது மெல்லும் தசைகளிலிருந்துதான் வருகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, பகலில் வேலை மும்முரத்தில் தெரியாமலே பல்லை இறுக்கிக்கொள்வது, மன உளைச்சல், சரியில்லாத தூக்கம் எல்லாம் ஒன்றுசேர்ந்து படுத்தும். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. இதைப் படிக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன?

அடிபட்டது, முடக்குவாதம் போன்ற மூட்டு நோய்கள் சிலருக்குக் காரணம். பல்வரிசை சரியில்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முன்பு நம்பினார்கள், அதன் பங்கு குறைவுதான் என்று இப்போது தெரிகிறது, அதனால் இந்த வலிக்காகப் பல்லை ராவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் மட்டும் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.