இடி மழைக்குப் பிறகு ஏன் மூச்சு இழுக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. 12 ஆண்டுகளாக ஆஸ்துமா. இடியோடு மழை பெய்தால் இழுப்பு அதிகமாகிறது. மழை மகரந்தத்தை அடக்கிவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? போன வாரம் மதியம், குளியலறைச் சுவரில் இருந்த கறுப்புப் பூஞ்சையை பிரஷ்ஷால் சுரண்டி, ப்ளீச் ஊற்றித் தேய்த்தேன். உடனே தும்மல், இருமல். நீல இன்ஹேலர் அடித்ததும் அடங்கியது. இரவு ஒன்பது மணிக்கு மேல் நெஞ்சு இறுகித் தூங்கவே முடியவில்லை. அந்த இன்ஹேலர் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

பதில்: நின்று பெய்யும் மழை மகரந்தத்தைக் கழுவி இறக்கும், உண்மைதான். இடி மழை விஷயம் வேறு. புல்லின் மகரந்தத் துகள் சுமார் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தப் பருமனுக்கு அது பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கி, தும்மலோடும் கண் அரிப்போடும் முடிந்துவிடும். ஈரம் பட்டால் நீரை உறிஞ்சி வெடிக்கிறது. 3 மைக்ரானுக்கும் சிறிய மாவுத் துணுக்குகள் நூற்றுக்கணக்கில் சிதறுகின்றன. இவை சிறு மூச்சுக்குழாய்கள் வரை போய்விடும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இப்படி ஒரு இடிமழை மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை மூக்கு ஒவ்வாமை மட்டுமே இருந்தது. ஆகவே இடி மழைக்குச் சற்று முன் குளிர்காற்று கிளம்பும்போதே ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள்.

பூஞ்சை வித்துகளில் பல வெடிக்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குச் சிறியவை. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 4 மைக்ரான்தான். நீங்கள் சுரண்டியபோது அவை மொத்தமாகக் கிளம்பி உள்ளே போயிருக்கும். ஒவ்வாமை அணுக்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை உடனே கொட்டியதால் வந்தது மதியத் தும்மல். இரண்டாவது அலை 4 முதல் 8 மணி நேரம் கழித்து வரும்: வெள்ளணுக்கள் கூடி, குழாயின் உட்சுவர் வீங்கி, சளி சேரும். இரவு ஒன்பது மணி இறுக்கம் பெரும்பாலும் அதுதான். நீல இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்துமே தவிர, வீக்கத்தைத் தொடாது.

ப்ளீச்சும் உதவவில்லை. செத்த வித்தும் ஒவ்வாமை தரும். ப்ளீச்சின் நெடி தனியாக மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். அடுத்த முறை வேறொருவர் செய்யட்டும், என்95 முகக்கவசத்தோடு. முதலில் சோப்புக் கரைசலால் சுவரை நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். உலர்ந்த பிரஷ், துடைப்பம் கூடவே கூடாது. கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண். சில வாரங்களில் உரிந்து வரும். நனைந்த எதையும் 48 மணி நேரத்துக்குள் உலர்த்துங்கள். உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். அதை அளக்கும் சிறு கருவி கிடைக்கிறது.

இனி உங்கள் சிகிச்சை. நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதை இப்போதைய ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர் உங்களுக்கு வேண்டும். அதன் முழுப்பலன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகும் என்பதால், தொந்தரவு தரும் பருவத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தக் கூடாது. குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, அழுத்திய கணமே மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாய்) வைத்தால் மருந்து தொண்டையில் படிவது குறையும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை போதும். அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முறை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சளியில் பழுப்பு நிறக் கட்டிகள் வந்தால் அதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் மூச்சுக்குழாய்க்குள்ளேயே குடியேறியிருக்கலாம். அதற்கு ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புரதம்) ரத்தப் பரிசோதனையும் தனி சிகிச்சையும் தேவைப்படும்.