எதுகை, மோனைக்குக் கோடு போட்டாயிற்று, அப்புறம்?

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கேட்கிறார்: "போர்ப்பாட்டு ஒன்றின் ஓசைநயத்தை ஆராயச் சொன்னார்கள். கலிங்கத்துப்பரணியில் ஒரு தாழிசையை எடுத்து எதுகை, மோனைக்கெல்லாம் கோடு போட்டுவிட்டேன். அதற்குமேல் என்ன எழுதுவது?"

தங்கச்சி, 'எதுகை மோனை சிறப்பாக அமைந்துள்ளன' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திருத்துகிறவர் அந்த வரியை அன்றைக்கே நூறு தடவை படித்திருப்பார். நீங்கள் எடுத்த ஈரடித் தாழிசையை நாலு வரியாகப் பிரித்தால்:

எடுமெடு மெடுமென வெடுத்ததோர்
இகலொலி கடலொலி யிகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம்
விடும்விடு மெனுமொலி மிகைக்கவே

மேசையில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அலகிடுங்கள், அதாவது சீர்களை அசைகளாகப் பிரியுங்கள். பன்னிரண்டு சீரும் கருவிளம், அதாவது நிரையும் நிரையும் சேர்ந்த சீர். 24 அசையும் நிரை. ஒரு நேரசைகூட இல்லை. இதுதான் அந்த ஓட்டம். ஆனால் ஒரே ஓட்டமாகவும் இல்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு சீரில் குறில் மட்டுமே. மூன்றாவதில் த்த, க்க என்று வல்லொற்று மோதுகிறது. கடைசியில் ஒரு நெடில் நீள்கிறது: எடுத்ததோர், இகக்கவே, கரிக்குழாம், மிகைக்கவே. வடமோடிக் கூத்துப் பார்த்தவருக்கு இது புதிதில்லை. விறுவிறுவென ஆடி வந்து, மத்தளத்தின் அடிக்கு ஓங்கி மிதித்து நிற்பது போல.

அடுத்து, திரும்ப வரும் சொல். 'அழுத்தம் தருகிறது' என்று முடித்துவிட வேண்டாம். 'எடும் எடும்' படைக்கலத்தை எடுக்கச் சொல்லும் கட்டளை. 'விடுவிடு' முதலில் பரியின், அதாவது குதிரையின், வேகம். இன்றும் 'விடுவிடுவென நடந்தான்' என்கிறோம். அடுத்த வரியில் அதே ஒலி 'விடும், விடும்' என்று யானை, குதிரைகளை ஏவும் கட்டளையாகிவிடுகிறது. ஒரே ஒலிக்கு இரண்டு வேலை. இதற்கு ஒரு முழுப் பத்தி கொடுக்கலாம்.

எதுகைக்கு எடு–விடு போதும். மோனைக்கு எடுமெடு–இகலொலி: எகரத்துக்கு இகரம் இனம். இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். கடலொலியை மிஞ்சும் போரொலி என்றால் என்னவென்று, மார்கழிக் கடல் இரைவதைக் கேட்ட உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, போர்ப்பாட்டு என்றாலே நாட்டுப்பற்றைத் தேடுவோம். இதில் அது எங்கே? செயங்கொண்டார் பாடுவது முதலாம் குலோத்துங்கனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதை. ஆனால் இந்த நாலு வரியில் சோழன் பெயரும் இல்லை, கலிங்கத்தின் பெயரும் இல்லை. எந்தப் பக்கத்துப் படை கத்துகிறது என்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் கடைசிப் பத்தியை அங்கிருந்து தொடங்குங்கள்.