இடிமழையும் பாறைப் பள்ளத்தாக்கும்: கேமராக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோடை வந்தால் தென்னாப்பிரிக்காவில் நம் ஆட்கள் டர்பன் கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆரஞ்சு ஆறு பாறையை அறுத்துப் போகும் ஆக்ராபீஸ் அருவிப் பூங்கா, கிராஃப் ரைனட் ஊருக்கு மேலே இருக்கும் வேலி ஆஃப் டெசலேஷன், எல்லை தாண்டி நமீபியாவின் ஃபிஷ் ரிவர் கேன்யன். இந்த மூன்று இடங்களில் இடிமழையையும் அதன் வெளிச்சத்தையும் எடுப்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, தைப்பூசக் காவடி முடிந்த கையோடு ஆக்ராபீஸ் போகலாமா, இல்லை ஈஸ்டர் லீவுக்குத் தள்ளிப்போடலாமா?

தைப்பூசம் முடிந்து போவதுதான் சரி. டர்பனில் அக்டோபரிலேயே மழை தொடங்கிவிடுகிறது என்பதால் அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மேற்கே போகப் போக மழைக்காலம் பிந்தும். ஆக்ராபீஸ் பக்கம் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரைதான் இடிமழைக்கு நல்ல வாய்ப்பு. ஈஸ்டர் ஏப்ரலில் விழுந்தால் வெறும் நீல வானத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கலாம். இன்னொன்று, சராசரி ஆண்டு மழையே 150 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிற இடம் அது. ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு மின்னல் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. நாலைந்து இரவாவது ஒதுக்குங்கள். பகலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தண்ணீரைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். நாடு முழுக்க ஒரே நேரம்தான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. பிப்ரவரித் தொடக்கத்தில் டர்பனில் ஏழு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆக்ராபீஸில் ஏழரை தாண்டும். பூங்காவின் வாயில் மூடும் நேரத்தை உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்குள்ளேயே தங்கினால் அருவி ஓரத்துப் பார்வை மேடைகளுக்கு நடந்தே போகலாம்.

லெனேசியாவிலிருந்து: இன்றைக்கு மழை கட்டுமா கட்டாதா என்று காலையிலேயே எப்படிச் சொல்வது?

வானிலைச் செயலியில் மழைத்துளிப் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். கேப் (CAPE) என்று ஒரு எண் இருக்கும். காற்று மேலெழும்பக் கையிருப்பில் உள்ள ஆற்றலின் அளவு அது. ஆயிரத்தைத் தாண்டினால் தயாராகலாம். அதைவிட நம்பகமானது கண். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் மேகத்தின் தலை காலிஃபிளவர் மாதிரி கூர்மையான விளிம்போடு மேலே ஏறினால் மூன்று மணிக்கு மேல் வேலை இருக்கும். காலையிலிருந்தே வானம் முழுக்க மெல்லிய உயர்மேகம் போர்த்தியிருந்தால் தரை சூடாகாது. அன்றைக்கு மதியம் தூங்கலாம்.

நாலு மணிக்கு ஒருமுறை செயற்கைக்கோள் படத்தைத் திறந்து மேற்கே பாருங்கள். மழை எங்கே இருக்கிறது என்பதைவிட மேற்குத் தொடுவானத்தில் இடைவெளி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய இடிமழை வந்தாலும் படம் சாம்பல் நிறம்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: மழை வரும் திசையைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்? அப்படி நின்றும் என் படங்களில் உயிரே இல்லை, அண்ணா.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான், தம்பி. உள்நாட்டில் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். வரும்போது அது சூரியனை மறைத்துக்கொண்டு வருகிறது, அதனால் நமக்குத் தெரிவது அதன் நிழல் பக்கம். எல்லோரும் அப்போது எடுத்து முடித்துவிட்டு, மழை கொட்டியதும் காருக்குள் ஓடி, அப்படியே விடுதிக்குப் போய்விடுகிறார்கள். மழை நம்மைத் தாண்டிக் கிழக்கே போனபிறகுதான் மேற்கே வானம் திறந்து, தாழ்ந்த வெயில் நேராக அந்த மழைத்திரையில் அடிக்கும். பாறை நனைந்து நிறம் ஏறியிருக்கும், பின்னால் வானம் கருநீலமாக இருக்கும். பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி நேரம். காரில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

அதனால் முதுகில் சூரியன், முகத்துக்கு நேரே போய்க்கொண்டிருக்கும் மழை, இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு என்று அமையும் இடத்தைப் பகலிலேயே தேடி வையுங்கள். ஆக்ராபீஸில் ஆரான்ஜிகாம், அராராத் ஆகிய இரு மேடைகளிலும் மதியமே போய் நின்று, எந்தச் சுவரில் மாலை வெயில் விழும் என்று திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிடுங்கள். வேலி ஆஃப் டெசலேஷனில் 120 மீட்டர் உயர டோலரைட் தூண்கள் மாலை வெயிலை வாங்கிச் சிவக்கும். ஃபிஷ் ரிவரில் கணக்கு மாறும். ஹோபாஸ் பக்கத்து மேடை கிழக்கு விளிம்பில் இருக்கிறது, பார்வை மேற்கே. அங்கே காலையில்தான் முதுகு வெயில். மாலையில் சூரியன் எதிரே நிற்கும், ஆகவே தூரத்தில் இறங்கும் மழைத்திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை எடுக்கப் பாருங்கள். 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ் இதற்குப் பொருந்தும். தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிடும் மழை இந்த வறண்ட காற்றில் அடிக்கடி தெரியும், தொங்கும் ஜடை மாதிரி. எதிர் ஒளியில் அதைப் போல அழகு வேறில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து: வானவில் முழுசாக ஃபிரேமுக்குள் வரவே மாட்டேன் என்கிறது.

வானவில்லின் ஆரம் 42 டிகிரி, அப்படியானால் அகலம் 84 டிகிரி. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 20 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாகச் சரியாக அவ்வளவுதான் பிடிக்கும், விளிம்பில் இடமே இருக்காது. 16 அல்லது 17 எடுத்துச் செல்லுங்கள். சிறிய சென்சார் என்றால் 10 அல்லது 11. சமதரையில் சூரியன் 42 டிகிரிக்கு மேலே இருந்தால் வில்லே தெரியாது. பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்பவருக்கு ஒரு சலுகை உண்டு: காலடிக்குக் கீழே மழை பெய்தால் அப்போதும் கீழே வில் விழும். போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் நிறம் ஏறும், இன்னொரு நிலையில் வில்லே காணாமல் போகும்.

ரைலண்ட்ஸிலிருந்து: இரவு மின்னலுக்கு என்ன செட்டிங்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒவ்வொருவர் நின்ற தூரம் வேறு, அதனால்தான். ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றது தானாக வரும். மின்னல் கண்ணிமைக்கும் நேரம்தான் இருக்கிறது, ஆகவே ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் மின்னல் கோட்டின் பிரகாசம் மாறாது. அதை அபெர்ச்சரும் (எஃப் எண்ணால் சொல்லும் லென்ஸ் துளை அளவு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) தான் தீர்மானிக்கும். ஷட்டர் நேரம் தரைக்கும் பின்வானத்துக்கும். ஐஎஸ்ஓ 100-இல் வைத்துக்கொண்டு, மின்னல் ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் எஃப் 11, அதுவும் காருக்குள்ளிருந்து. ஐந்திலிருந்து பதினைந்துக்குள் எஃப் 8, பத்துக்குள் என்றால் இதுவும் காருக்குள்ளிருந்தே. அதற்கும் அப்பால் எஃப் 5.6. முதல் நல்ல மின்னலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு வெள்ளைப் பட்டையாகத் தடித்திருந்தால் ஒரு ஸ்டாப் மூடுங்கள், அதாவது வரும் ஒளியைப் பாதியாக்குங்கள்.

ஷட்டர் 15 முதல் 30 விநாடி, கேபிள் ரிலீஸைப் பூட்டிவிட்டுத் தொடர்ந்து ஓட விடுங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்க மறக்காதீர்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கேமராவை முடக்கிவிடும், நல்ல மின்னல் அந்த நேரத்தில்தான் விழும். ஃபோகஸைத் தொலைதூர விளக்கொன்றில் லைவ் வியூவில் பெரிதாக்கிச் சரிசெய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன் வேண்டாம். காற்றுக்காகப் பையை நடுக்கம்பியில் தொங்கவிடுவார்கள். தொங்கும் பை ஆடினால் ஸ்டாண்டும் ஆடும். பையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள்.

வெருலத்திலிருந்து: பகல் மின்னலுக்கு டிரிக்கர் வாங்கியே ஆக வேண்டுமா? வாங்கியவர்களுக்கும் பாதி படம் தப்புகிறதாமே.

பகலில் வாங்குவது நல்லது. தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம். 1/200 வைத்தால் டிரிக்கர் உணர்ந்து கேமரா திறப்பதற்குள் முதல் வெட்டு முடிந்திருக்கும். ஒரே தடத்தில் பல வெட்டுகள் அடுத்தடுத்து இறங்குவதால் 1/4 முதல் 1/8 விநாடி வைத்தால் பின்னால் வருபவை மாட்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, வெளிச்சம் மிஞ்சினால் ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர். கேமரா தூங்கிப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள், விழித்தெழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மறுபடி வெருலத்திலிருந்து: என் மிரர்லெஸ்ஸில் மின்னல் வந்த படத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. சைலண்ட் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். அது வரிசை வரிசையாகப் படிப்பதால் மின்னல் சில வரிசைகளில் மட்டும் விழுகிறது. மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

டோங்காட்டிலிருந்து: வானம் சரியாக வந்தால் பள்ளம் கறுப்பு, பள்ளம் தெரிந்தால் வானம் வெள்ளை.

மேகத்தின் வெளிச்சமான பகுதி வெளுக்காதபடி ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) பார்த்து அளந்து, ரா (RAW) கோப்பாக எடுங்கள். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்த்தால் பெரும்பாலும் போதும். ஆனால் மேக நிழல் ஓடும்போது மூன்று படத்திலும் வெயில் வேறு வேறு இடத்தில் விழுந்திருக்கும், சேர்த்தால் பொய்யாகத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் ஒரே படம்தான்: வெயில் விழுந்த பாறைத் துண்டுக்கு எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், மற்றது இருண்டு போகட்டும். பள்ளத்தின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தாக வேண்டும் என்ற ஆசையால்தான் பல படங்கள் தட்டையாகின்றன.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கை: போனில் முடியாதா, அண்ணா?

முடியும், மா. 4கே வீடியோ எடுத்து மின்னல் விழுந்த ஃபிரேமைப் பிரித்தெடுத்தால் ஏறக்குறைய எட்டு மெகாபிக்சல் கிடைக்கும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் விரலால் அழுத்திப் பூட்டிவிடு. டிரோன் யோசனை இருந்தால் விட்டுவிடு, தேசியப் பூங்காக்களில் தடை.

லெனேசியாவிலிருந்து: வறண்ட ஆற்றுப்படுகையில் இறங்கி நின்றால் படத்தின் முன்பகுதி நன்றாக அமைகிறது. மேலே வானம் தெளிவாக இருந்தால் இறங்கலாமா?

கூடாது, அக்கா. உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்துக்கும் அந்த ஆற்றில் வரப்போகும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. எங்கோ மேட்டில் பெய்த மழை கெட்டித் தரையில் ஊறாமல் மொத்தமாக வரும். 1981 ஜனவரி 25 அன்று கரூ என்ற வறண்ட நிலப்பகுதியின் லைங்ஸ்பர்க் ஊரில் பஃபல்ஸ் ஆறு புகுந்து 104 பேர் இறந்தார்கள். அதுவும் வறண்ட ஊர்தான். ஃபிஷ் ரிவரில் கோடை முழுக்க நடைப்பயணத்தை மூடி வைப்பதற்கு வெயிலோடு இந்தத் திடீர் வெள்ளமும் காரணம்.

மின்னலுக்கு: வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். சத்தம் முப்பது விநாடிக்குள் வந்தால் கூரையுள்ள காருக்குள் போய்க் கதவையும் கண்ணாடியையும் மூடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து இறங்குங்கள். காப்பாற்றுவது டயர் ரப்பர் என்று பலர் நம்புகிறார்கள். காப்பாற்றுவது காரின் உலோகக் கூடு. கார்பன் ஃபைபர் ஸ்டாண்டும் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியம் இல்லையே என்று தைரியம் கொள்ள வேண்டாம். அப்படியானால் முதுகு வெயில் படம்? மழை கிழக்கே நகர்ந்தும் இடி கேட்டுக்கொண்டிருந்தால் காரை மேடை அருகே நிறுத்திக் கண்ணாடி வழியாகவே எடுங்கள். லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணியைப் பிடித்தால் பிரதிபலிப்பு வராது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தூசியும் தூறலும் லென்ஸில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

மழைக்கு முன்னால் குளிர்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அதற்கு முன்பே லென்ஸை மாற்றி முடித்திருங்கள். ஈரத்தோடு தூசி சேர்ந்தால் உடனே துணியால் தேய்க்காதீர்கள், கண்ணாடி கீறும். முதலில் புளோவரால் ஊதி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். நாலைந்து துணியைத் தனித்தனி ஜிப் பையில் போடுங்கள், ஒன்று நனைந்தால் அடுத்தது. குளியலுக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி கேமராவுக்கு நல்ல குடை. காரில் ஏசியை அதிகமாக வைத்தால் வெளியே எடுத்ததும் லென்ஸ் பனிக்கும், ஆகவே இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிடுங்கள்.