ஸ்கேன் ஆகிற தபால் லேபிள் எப்படிப் போலியாகும்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே பித்தளை விளக்கு, பூஜைச் சாமான், வளையல் எல்லாம் இணையத்தில் விற்கிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள். பெட்டி பெட்டியாக ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பிக்கு அனுப்பிவிடுவேன். அவன் அங்கே பார்சல் கட்டி, நான் அனுப்பும் பிடிஎப் லேபிளை அச்சடித்து ஒட்டித் தபாலில் சேர்ப்பான். அந்த அமெரிக்கத் தபால் லேபிள்களை டெலிகிராமில் ஒருவர் பாதி விலைக்குத் தந்தார். பணம் போனது இங்குள்ள ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்கு, மொத்தம் 4,300 ரிங்கிட். முதலில் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. இப்போது 26 பார்சல்களை, கட்டணம் போலி என்று சொல்லி அங்குள்ள தபால் துறை நிறுத்தி வைத்திருக்கிறது. லேபிளில் உள்ள சதுரக் கட்டத்தை என் போனில் ஸ்கேன் செய்தால் நன்றாகப் படிக்கிறது. அப்புறம் எப்படிப் போலி? பணம் திரும்பக் கிடைக்குமா? எனக்கோ தம்பிக்கோ வழக்கு வருமா? கையில் இன்னும் 40 லேபிள் இருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். அந்த 40 லேபிளில் ஒன்றைக்கூட இனி ஒட்டக்கூடாது, சகோதரி. தம்பிக்கு இன்றே சொல்லிவிடுங்கள். அதே சமயம் அவற்றை அழிக்கவும் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. இதுவரை நீங்கள் ஏமாற்றப்பட்டவர். போலி என்று தபால் துறையே சொன்ன பிறகு ஒரு லேபிளை ஒட்டினால், தெரிந்தே ஒட்டியவர் ஆகிவிடுவீர்கள். உங்கள் விஷயத்தில் எல்லாக் கேள்விகளும் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்: உங்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும்.

சரி, ஸ்கேன் ஆகிறதே என்ற கேள்விக்கு வருவோம். லேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோடு கோடாக நீளமாக இருப்பது, பார்சல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு. புள்ளி புள்ளியாக இருக்கும் சதுரம்தான் கட்டணம். அது இருபரிமாணப் பார்கோடு, டேட்டா மேட்ரிக்ஸ் என்ற வகை. பார்வைக்கு கியூஆர் போல இருக்கும்.

அமெரிக்காவில் வீட்டுக் கணினியிலேயே தபால் கட்டணத்தை அச்சடித்துக்கொள்ளும் வசதி 1999 ஆகஸ்ட்டில் ஸ்டாம்ப்ஸ்.காம், ஈ-ஸ்டாம்ப் என்ற இரு நிறுவனங்கள் வழியாகப் பொதுமக்களுக்கு வந்தது. தபால்தலைக்கு என்று தனித் தாள், மை, துளையிட்ட ஓரம் எல்லாம் உண்டு. வீட்டுப் பிரிண்டரில் வருவதற்கு இதில் எதுவுமே கிடையாது. யாரும் அச்சடிக்கலாம் என்றால் யாரும் நகல் எடுக்கலாம். ஆகவே பாதுகாப்பைக் காகிதத்தில் தேடாமல் கணக்கில் வைத்தார்கள். இதுவரை எவ்வளவு செலவானது, மீதி எவ்வளவு என்ற இரண்டு தொகைகளையும் பூட்டி வைத்திருக்கும் ஒரு பாதுகாப்புக் கருவி இருக்கும். ஒவ்வொரு லேபிளுக்கும் கருவி எண், தேதி, தொகை, வரிசை எண் முதலியவற்றைச் சேர்த்து, அந்தக் கருவியை விட்டு வெளியே வராத ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் போடுவார்கள். அதையெல்லாம் சேர்த்துத்தான் சதுரத்துக்குள் அடைப்பது. தொகையில் ஓர் எண்ணை மாற்றினாலும் கையொப்பம் ஒத்துப்போகாது. மாற்றாமல் அப்படியே நகல் எடுத்துப் பத்துப் பார்சலில் ஒட்டினால் கையொப்பம் ஒத்துப்போகும்தான், ஆனால் ஒரே எண் இரண்டாவது முறை வந்தால் தபால் துறையின் கணினி கண்டுபிடித்துவிடும்.

உங்கள் போன் இதில் எதையும் சோதிப்பதில்லை. சதுரத்தில் உள்ள எழுத்துகளைப் படிக்கிறது, அவ்வளவுதான். காசோலையில் எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம்; கையொப்பம் உண்மையா, கணக்கில் பணம் இருக்கிறதா என்பது வங்கிக்குத்தான் தெரியும். இன்னொன்றும் பலரைக் குழப்புகிறது. இந்தச் சதுரத்தில் கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் கிழிந்தாலும் படிக்க முடிகிறபடி பிழை திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. அது மழைக்கும் அழுக்குக்கும் எதிரான பாதுகாப்பு. மோசடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதல் பார்சல்கள் போய்ச் சேர்ந்ததையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் வழியிலேயே நிறுத்திச் சரிபார்ப்பதில்லை. திருட்டுக் கடன் அட்டையில் அசல் லேபிளையே வாங்கி மலிவாக விற்பவர்களும் உண்டு. அப்போது சதுரம் அசலாகவே இருக்கும், பணம்தான் திருட்டு. (ஸ்கேன் ஆனதை மட்டும் நம்பாத பழக்கம் நம் ஊரிலும் வேண்டும்: வாடகை ஒப்பந்தத்தின் முத்திரை வரிச் சான்றிதழில் உள்ள கியூஆரைத் தட்டியதும் ஏதோ ஒரு பக்கம் திறந்தால் அது அசல் என்று ஆகிவிடாது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தளத்துக்கு நீங்களே போய்ச் சான்றிதழ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.)

இனி வழக்கு. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 255 முதல் 263 வரை போலி முத்திரைகளைப் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தினால் கலங்க வேண்டாம், அவை அரசாங்க முத்திரைகளுக்கானவை, அமெரிக்கத் தபால் லேபிளுக்கு நேரடியாகப் பொருந்தாது. நான் கவனிப்பது 471-ஐ. போலி ஆவணத்தை, போலி என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்துடன் அசல்போலப் பயன்படுத்துவது குற்றம் என்கிறது அது. ‘நம்பக் காரணம் இருந்தோ’ என்பதைக் கவனியுங்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் மட்டும் போதாது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பார்: தபால் துறை பாதி விலைக்கு விற்குமா?

இதற்கு உங்களிடம் நியாயமான பதில் இருக்கலாம். அங்கே இணையம் வழியாக லேபிள் எடுத்தால் கவுன்ட்டர் விலையை விடக் குறைவு என்பது உண்மைதான். வணிகர்களுக்கான தள்ளுபடி விலை இருக்கிறது. அந்த டெலிகிராம் ஆள் ‘மொத்தமாக வாங்குவதால் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தால், அந்தச் செய்தி உங்களுக்குப் பெரிய துணை. மாறாக, ‘இது நல்ல வழியில் வந்ததுதானே?’ என்று நீங்கள் கேட்டு, அவர் சிரிப்புப் பொம்மையை அனுப்பி, நீங்களும் பேசாமல் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. உண்மையைச் சொல்லப்போனால், உங்கள் கடிதத்தைவிட அந்த உரையாடலைப் பார்க்கத்தான் எனக்கு ஆவல்.

அதனால் அதைப் பத்திரப்படுத்துங்கள். டெலிகிராமில் எதிராளி அவர் பக்கத்திலிருந்தே உங்கள் பக்கத்துச் செய்திகளையும் அழித்துவிடலாம். கணினியில் உள்ள டெலிகிராம் செயலியில் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து எடுத்துவையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, லேபிள் கோப்புகள், தபால் துறை தம்பிக்கு அனுப்பிய அறிவிப்பு எல்லாம் சேர்த்து. கணினியிலிருந்து எடுத்த ஆவணங்களை நீதிமன்றம் ஏற்பதற்கு 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழி செய்கிறது. எடுத்தவர் யார், எந்தக் கருவியில், எப்போது என்று இப்போதே எழுதிவைத்தால் பின்னால் சிரமம் குறையும்.

அந்த அறிவிப்பை நன்றாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தெந்தப் பார்சல், என்ன காரணம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இயந்திரமும் தவறும். பிரிட்டனில் பார்கோடு போட்ட தபால்தலைகள் வந்த பிறகு, 2024-ல், கடையில் காசு கொடுத்து வாங்கிய தபால்தலையையே போலி என்று சொல்லி 5 பவுண்டு கேட்டார்கள் எனப் பலர் முறையிட்டார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் 26 பார்சல்கள், பாதி விலை, தனிநபர் கணக்கு. இயந்திரக் கோளாறு என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

பணம் போனது அண்மையில் என்றால் 997-க்கு உடனே அழையுங்கள், அது தேசிய மோசடித் தடுப்பு மையம். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்குவதற்கான வழி அது. வாரக்கணக்கில் ஆகியிருந்தால் முடக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனாலும் போலீஸ் புகார் கட்டாயம் கொடுங்கள். உங்களை ஏமாற்றிப் பணம் பறித்தது 420ஆம் பிரிவின் கீழ் வரும்: ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. கணக்கு வைத்திருப்பவர் ‘அட்டையை நண்பனுக்குக் கொடுத்திருந்தேன்’ என்று கையை விரிக்கக்கூடும். இப்படி இரவல் கொடுத்த கணக்குகளுக்காகவே 2024-ல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதலான பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். புகாரில் பாதி விலைக்கு வாங்கியதை மறைக்காதீர்கள். பிறகு வெளியே வந்தால் மறைத்ததுதான் உங்களுக்கு எதிராக நிற்கும். போலீஸ் நிலையத்துக்குப் போகும் முன் வரைவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். கட்டணம் கட்ட முடியாது என்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.

பணத்தைத் திரும்பப் பெற சிலர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தைச் சொல்வார்கள். 50,000 ரிங்கிட் வரை அது விசாரிக்கும், கட்டணமும் 5 ரிங்கிட்தான். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது. வியாபாரத்துக்காக வாங்கிய லேபிளை எடுத்துக்கொண்டு அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். லேபிள் பணம் 4,300 மட்டும் கேட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவு போதும். 5,000 ரிங்கிட் வரை, படிவம் 198, வழக்கறிஞர் தேவையில்லை. ஏமாற்றி வாங்கிய ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம் என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு எதிர்ப்பக்கம் வெட்டும்: நோக்கமே சட்டவிரோதம் என்றால் அந்த ஒப்பந்தம் செல்லாது, தெரிந்தே அதில் இறங்கியவருக்கு நீதிமன்றம் கை கொடுக்காது. பாருங்கள், இங்கேயும் அதே கேள்விதான். யார் மேல் வழக்குப் போடுவது என்பதற்குக் கணக்கு வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். வங்கி உங்களிடம் தராது, போலீஸ் விசாரணையில் வெளிவரும். அதனாலும் புகார் முதலில்.

தம்பி விஷயம் கனமானது, ஏனென்றால் ஒட்டியதும் தபாலில் சேர்த்ததும் அவர் கை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 18ஆம் தலைப்பின் 501ஆம் பிரிவு போலித் தபால் கட்டணக் குறிகளைச் செய்வது, விற்பது, பயன்படுத்துவது எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. போலிக் கட்டணம் ஒட்டிய பார்சலைக் கைவிடப்பட்ட பொருளாகக் கருதித் திறந்து அப்புறப்படுத்தலாம் என்ற தபால் துறை விதியும் 2023-ல் வந்துவிட்டது. விளக்குகள் திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள். அவர் அங்குள்ள வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும், பினாங்கில் இருக்கும் நான் சொல்லி ஆகாது. அதுவரை தபால் துறை விசாரணை அதிகாரிகளுக்குத் தானாக விளக்கக் கடிதம் எழுத வேண்டாம். நீங்களும் குடும்ப வாட்ஸ்அப்பில் ‘இதைச் சொல், அதைச் சொல்லாதே’ என்று அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். அதையும் ஒருநாள் யாராவது நீதிமன்றத்தில் வாசிப்பார்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று, பொருள் கிடைக்காத அந்த 26 பேர். ‘தபாலில் தொலைந்துவிட்டது’ என்று எழுதி அனுப்பாதீர்கள். கட்டணத்தில் பிரச்சினை, பார்சல் நிறுத்தப்பட்டது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது சரியான கட்டணம் கட்டிப் புதிதாக அனுப்புங்கள். ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவையும் நஷ்டமாக விற்றவரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்டால் தொகை 5,000-ஐத் தாண்டிவிடும், படிவம் 198 போதாது, வழக்கமான மாஜிஸ்திரேட் வழக்காகத்தான் போட வேண்டியிருக்கும்.