ரெரா எண் வரும்வரை தற்காலிக உரிமத்தில் மனை விற்கலாமா?

ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவர் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டேன், எண் வரவில்லை, அதுவரை லேஅவுட் மனைகளை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் முகவருக்குத் தற்காலிக உரிமம் என்ற ஏற்பாடே இல்லை. விண்ணப்ப ரசீதை உரிமம்போல நீட்டுவதில் பயனில்லை.

பலரும் பிடித்துக்கொள்வது 9(4) பிரிவை. விதிகள் தரும் 30 நாள் கெடுவுக்குள் குறையென்றோ நிராகரிப்பென்றோ எந்தத் தகவலும் வராவிட்டால் பதிவானதாகக் கருதப்படும் என்கிறது அது. இதில் இரண்டு சிக்கல். முகவரிச் சான்றும் விண்ணப்பமும் ஒத்துப்போகவில்லை என்று ஒரே ஒரு மின்னஞ்சல் வந்திருந்தாலும் அந்தச் சலுகை போயிற்று. ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அடுத்து, விற்றுத்தரும் ஒவ்வொரு மனைக்கும் பதிவு எண்ணைக் குறிப்பிடச் சொல்கிறது 9(5). எண்ணே இல்லாமல் எதை எழுதுவீர்கள்? கெடு தாண்டினாலும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்குவதே நல்லது.

“ஆள்தான் கூட்டிவந்தேன், விலை பேசவில்லை” என்பதும் நிற்காது. வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலாவது அறிமுகப்படுத்துபவரும் முகவர்தான் என்கிறது சட்டம். வாட்ஸ்அப்பும் அதில் அடக்கம்.

பதிவில்லாமல் விற்றுத்தந்தால் பிரிவு 62-இன்படி அபராதம் நாளுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை. 15 லட்ச ரூபாய் மனையென்றால் உச்சவரம்பு 75,000. எட்டாம் நாளே அதைத் தொட்டுவிடும். 2 சதவீதக் கமிஷன் வாங்கியிருந்தால் கையில் வந்தது வெறும் 30,000. கமிஷன் தரும்போதே வரி (டிடிஎஸ்) பிடித்து உங்கள் பான் எண்ணில் ஏற்றியிருந்தால் வருமான வரித் துறையின் பதிவே நீங்கள் விற்றதற்குச் சாட்சி. ரொக்கமாக வாங்கினால் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு வேறு தலைவலி காத்திருக்கிறது.

இடைப்பட்ட நாளில் வருமானம் வேண்டுமென்றால், ஏற்கெனவே பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தில் சம்பள ஊழியராகச் சேருவது ஓரளவு பாதுகாப்பான வழி. ரசீதிலும் விளம்பரத்திலும் அவர்கள் எண்தான் இருக்க வேண்டும், கமிஷனும் அவர்கள் கணக்குக்கே போக வேண்டும். பெயருக்குச் சம்பளம், உள்ளே மனைக்கு இவ்வளவு கமிஷன் என்றால் பதிவில்லாமல் விற்ற பழைய கதைதான்.

எண் வந்தபிறகும் விற்கும் லேஅவுட்டின் திட்டப் பதிவைத் தனியாகப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பதிவில்லாமல் போட்ட மனையைப் பதிவுபெற்ற முகவரும் விற்றுத்தரக் கூடாது.