பிசிக்ஸில் திணறிய ஒரு டாக்டர் வீட்டுப் பிள்ளை

வணக்கம் அம்மா. மகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். வேதியியலில் நல்ல மதிப்பெண், இயற்பியலில் சறுக்கல். அவள் அப்பா டாக்டர். வீட்டில் எல்லோரும் நீட் இன்னொரு தடவை எழுதச் சொல்கிறீர்கள். அவளோ கெமிஸ்ட்ரிதான் படிப்பேன், ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். "பிசிக்ஸே வராதவளுக்கு ஆராய்ச்சி எப்படி சார் வரும்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு நான் இன்னொரு டாக்டர் வீட்டிலிருந்து பதில் சொல்கிறேன்.

பிரெடெரிக் சாங்கர் என்ற உயிர்வேதியியலாளர் 1918-இல் இங்கிலாந்தின் குளஸ்டர்ஷையரில் பிறந்தவர். அப்பா மருத்துவர். மகனும் மருத்துவம்தான் படிப்பான் என்று இருந்தார்கள். அப்பாவின் நாள் பல பக்கமும் சிதறிப் போவதை மகன் பார்த்தார். ஒரே சிக்கலைப் பிடித்துக்கொண்டு அதிலேயே கிடப்பதுதான் தனக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டு, அறிவியல் படிக்கக் கேம்பிரிட்ஜுக்குப் போனார்.

அங்கே இயற்பியலும் கணிதமும் அவரைப் பாடாய்ப் படுத்தின. இரண்டாம் ஆண்டில் இயற்பியலைக் கைவிட்டு உடலியங்கியலுக்கு மாறினார். மற்றவர்கள் இரண்டு ஆண்டில் முடிக்கும் பட்டப்படிப்பின் முதல் பகுதியை முடிக்க அவருக்கு மூன்று ஆண்டு ஆனது. அந்த நேரத்தில் அவரைப் பார்த்த எவரும் உங்களைப் போலத்தான் கவலைப்பட்டிருப்பார்கள். ஆனால் அடுத்து உயிர்வேதியியலை மட்டும் எடுத்துப் படித்தபோது முதல் வகுப்பு வந்தது. ஆள் மாறவில்லை, பாடம்தான் மாறியது.

1943-இல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, கேம்பிரிட்ஜின் உயிர்வேதியியல் பேராசிரியர் சிப்னால் காட்டிய வழியில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் என்ற புரதத்தைக் கையில் எடுத்தார். புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் அதில் ஒரு திட்டமான வரிசையில்தான் இருக்கின்றன என்பதே அன்று உறுதிப்படவில்லை. அவர் செய்ததை உங்கள் மகளுக்கும் இப்படிச் சொல்லுங்கள். 'திருநெல்வேலி' என்று எழுதிய பல தாள்களைக் கண்டபடி கிழிக்கிறோம். ஒன்றில் 'திருநெல்', இன்னொன்றில் 'நெல்வே', மற்றொன்றில் 'வேலி' என்று துண்டுகள் கிடைக்கின்றன. ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு ஒத்துப்போவதை வைத்து முழுப் பெயரையும் மீட்டுவிடலாம். சாங்கர் இன்சுலினை அமிலத்தாலும் நொதியாலும் உடைத்தார். துண்டின் முனையில் எந்த அமினோ அமிலம் நிற்கிறது என்று காட்ட மஞ்சள் நிறம் ஏற்றும் ஒரு வினைப்பொருளைப் பயன்படுத்தினார். துண்டுகளை வடிதாளில் ஊர விட்டுப் பிரித்தார். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள், அவற்றை இணைக்கும் கந்தகப் பாலங்கள் எல்லாம் தெளிவாவதற்கு 1955 வரை ஆனது. ஒரே மூலக்கூறுக்குப் பன்னிரண்டு வருடம்! இதற்குத்தான் 1958-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் அமையவில்லை. அவர் ஆய்வு மேசையை விட்டு நிர்வாக நாற்காலிக்குப் போய்விடவில்லை. 1977-இல் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1980-இல் இரண்டாவது நோபல். வேதியியலில் இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர்தான். மனித மரபணுத் தொகுதியைப் படிக்கக் கைகொடுத்தது அந்த முறையின் வளர்ந்த வடிவம்தான்.

இதில் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. சாங்கரின் தாய்வழிக் குடும்பம் வசதியானது. முனைவர் பட்டக் காலத்தில் சம்பளத்தை எதிர்பார்க்காமல் அவரால் ஆய்வு செய்ய முடிந்தது. எல்லா வீட்டுக்கும் அது முடியாது. அதனால் உங்கள் மகளுக்கு உதவித்தொகை வரும் பாதையை இப்போதே யோசிக்க வேண்டும். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆனால் அதில் இயற்பியல் கேள்விகளும் உண்டு, அதற்கு உழைத்தே ஆக வேண்டும். அது அமையாவிட்டால் ஆய்வகம் நன்றாக உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. சேரட்டும். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடி-களில் எம்.எஸ்சி. படிக்கலாம். பிறகு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் ஆய்வு செய்யலாம். நீண்ட பாதைதான். மருத்துவம் படித்து மேற்படிப்பும் முடிக்க ஆகும் காலத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேபுக்குள் போய், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்கள் தங்கள் கையாலேயே சோதனை செய்கிறார்கள் என்று கேளுங்கள். சாங்கருக்குப் பள்ளியில் கடைசி ஆண்டு பெரும்பாலும் ஆய்வகத்திலேயே கழிந்தது. தேர்வை முன்னதாகவே முடித்துவிட்டதால் கிடைத்த நேரம் அது.

சனிக்கிழமை வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அதை நான் பார்த்துவிட்டேன். அவளுடைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டும், சோதனை செய்யும்போது கிறுக்கிய தாள்கள் ஏதாவது மிச்சமிருந்தால் அவையும் வேண்டும். உப்புப் பகுப்பாய்வில் விடை தப்பிப்போன நாளில் அவள் என்ன செய்தாள் என்று அவளிடமே கேட்க வேண்டும்.