டோக்கியோவில் மாலை ஏறி, அதே நாள் காலை லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவது சரியா?

டிக்கெட்டில் தப்பில்லைங்க. ஜனவரியில் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் ஏறினால், விமானம் சுமார் 8,800 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய 10 மணி நேரத்தில் கடந்துவிடும். அப்போது டோக்கியோவில் ஞாயிறு அதிகாலை 3 மணி. லாஸ் ஏஞ்சலஸ் கடிகாரம் அப்போது டோக்கியோவைவிட 17 மணி நேரம் பின்னால் இருக்கும்; அதனால் 17 மணி நேரத்தைக் கழியுங்கள்: லாஸ் ஏஞ்சலஸில் சனி காலை 10.

திரும்பி வர மட்டும் ஏன் 12 மணி நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். பசிபிக்குக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றுதான் காரணம். போகும்போது பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து அடிக்கும். குளிர்காலத்தில் அதற்கு வேகம் ஜாஸ்தி.

ஹோட்டலைச் சனிக்கிழமைக்கே போடுங்கள், ஞாயிறுக்கு அல்ல! அங்கிருந்து வேறு ஊருக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பதானால் 3 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குடிநுழைவு வரிசை, பெட்டியை எடுத்து மறுபடி போடுவது எல்லாம் லாஸ் ஏஞ்சலஸிலேயேதான்.